கலீல் இப்னு அஹ்மத்: ஒலியை எண்ணிப் பார்த்த பஸ்ரா அறிஞர்

அரபு மொழியில் இதயத்தைக் குறிக்கும் சொல்லும் நாயைக் குறிக்கும் சொல்லும் தமிழ் எழுத்தில் ஒன்றுபோலவே அமைகின்றன. இரண்டையும் கல்ப் என்றுதான் எழுத முடியும். ஆனால் அரபுச் செவிக்கு அவை வெவ்வேறு ஒலிகள். முன்னதன் முதலெழுத்து உள்நாக்கை ஒட்டிப் பிறக்கிறது; பின்னதன் முதலெழுத்து அதற்குச் சற்று முன்னால், தமிழின் ககரம் பிறக்கும் இடத்திலேயே பிறக்கிறது. குவைத்தின் தென்பகுதியில் உள்ள ஃபஹாஹீல் நகரின் கடைத்தெருவில் பணிபுரியும் தமிழர் ஒருவர் ஏட்டு அரபியில் ஒருவரது நல்ல இதயத்தைப் பாராட்ட முற்பட்டு, நாக்கின் இடம் சற்றே பிசகிவிட்டால், பாராட்டு வசையாக மாறிவிடும் அபாயம் உண்டு. குவைத்தியர்களின் பேச்சு வழக்கு இந்தச் சிக்கலைத் தன் வழியில் தீர்த்துக்கொண்டிருக்கிறது. அங்கே இதயம், தங்கம் என்ற சொல்லில் வரும் ககர ஒலியுடன் தொடங்குகிறது. நாயோ ச்சல்ப் ஆகிவிடுகிறது.

ஒரு சொல்லின் பொருள் நாக்கு தொடும் இடத்தைப் பொறுத்தது என்பதை விதியாகவும் வரிசையாகவும் கணக்காகவும் அரபு உலகுக்கு முதன்முதலில் வகுத்துக் கொடுத்தவர் என்று கருதப்படுபவர் கலீல் இப்னு அஹ்மத் அல் ஃபராஹிதி. எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். அரபு யாப்பிலக்கணத்தின் தந்தை என்றும், அரபு மொழியின் முதல் அகராதிக்கு வித்திட்டவர் என்றும் அறியப்படுபவர். அவர் வாழ்ந்து மறைந்த பஸ்ரா நகரம் இன்றைய குவைத் எல்லைக்கு வடக்கே, இராக்கின் தென்கோடியில், தரைவழியாகச் சில மணி நேரத்தில் எட்டிவிடக்கூடிய தொலைவில் இருக்கிறது.

ஓமானிலிருந்து பஸ்ராவுக்கு

கலீல் ஹிஜ்ரி 100ஆம் ஆண்டளவில், அதாவது கி.பி. 718ஐ ஒட்டி, ஓமானில் பிறந்தார் என்று மரபுவழி வரலாறுகள் குறிப்பிடுகின்றன. அஸ்து என்ற பெரும் குலத்தின் ஒரு கிளையைச் சேர்ந்தவர். இளமையிலேயே பஸ்ராவுக்குச் சென்றுவிட்டார். அக்காலத்தில் அஸ்து குலத்தவர் பலர் ஓமானிலிருந்து கடலோரமாக வடக்கே சென்று பஸ்ராவில் குடியேறியிருந்தனர். பிழைப்புத் தேடி வளைகுடாவின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போவது எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்ட பின்னர் தோன்றிய வழக்கம் அல்ல.

பஸ்ரா அப்போது நூறாண்டுப் பழைமைகூட இல்லாத நகரம். கி.பி. 630களில் அரபுப் படைகளின் பாசறையாகத் தோன்றிய அந்த இடம், கலீலின் காலத்தில் வணிகமும் கல்வியும் செழித்த பெருநகராக வளர்ந்திருந்தது. பாரசீகர்கள், அரமாயிக் மொழி பேசியோர், இந்தியக் கரைகளிலிருந்து வந்தோர் எனப் பலதரப்பட்ட மக்கள் அங்கே கூடியிருந்தனர். இவர்களில் பெரும்பாலோர் அரபியைத் தாயிடம் கேட்டு வளர்ந்தவர்கள் அல்லர். ஆட்சி மொழியாகவும் சமய மொழியாகவும் வந்த அரபியைக் கற்றுக்கொண்டவர்கள்.

இங்கேதான் அரசியல் நுழைகிறது. ஒரு மொழி பேரரசின் மொழியாகும்போது, அதைப் பிழையாகப் பேசுவோரின் எண்ணிக்கை சரியாகப் பேசுவோரின் எண்ணிக்கையை விஞ்சிவிடுகிறது. குர்ஆனை ஓதுகையில் ஒரு சொல்லின் இறுதி உயிரொலி மாறினால் எழுவாய் செயப்படுபொருளாகிவிடும். இறைவன் செய்ததாகச் சொல்லப்படுவது இறைவனுக்குச் செய்யப்பட்டதாகிவிடும். எழுத்திலோ உயிரொலிகள் குறிக்கப்படவில்லை. எனவே சரியான ஒலியை யார் தீர்மானிப்பது என்ற வினா அறிஞர்களின் பொழுதுபோக்காக இருக்கவில்லை. சமயத்தின் மீதும் நீதிமன்றத்தின் மீதும் யாருக்கு அதிகாரம் என்ற வினா அதற்குள் அடங்கியிருந்தது.

கலீலின் விடை இரு பக்கங்கள் கொண்டது. ஒருபுறம் அவர் நாடோடி அரபிகளின் வாய்மொழியையே சான்றாகக் கொண்டார். பஸ்ராவின் புறத்தே இருந்த மிர்பத் சந்தைக்கு ஒட்டகங்களுடன் வந்த பாலைவன மக்களிடமும், ஹிஜாஸ், நஜ்து, திஹாமா ஆகிய பகுதிகளிலும் அவர் மொழியைக் கேட்டறிந்ததாகக் கூறப்படுகிறது. மறுபுறம், அப்படிக் கேட்டதை எவரும் கற்கக்கூடிய விதிகளாக மாற்றினார். இவற்றில் இரண்டாவதன் விளைவு தொலைநோக்குடையது. மொழி பிறப்பால் வருவது என்ற நிலை மாறி, படிப்பால் வருவது என்ற நிலை உருவானது. அவரது மாணவர்களில் தலைசிறந்தவரான சீபவைஹி ஒரு பாரசீகர். அரபு இலக்கணத்தின் அடிப்படை நூலை எழுதியவர் அவரே. அந்நூலில் நூற்றுக்கணக்கான இடங்களில் கலீலின் கருத்துகள் எடுத்தாளப்படுகின்றன. பெயர் சொல்லாமல் அவரிடம் கேட்டேன் என்ற பொருளில் வரும் இடங்களிலெல்லாம் அந்த அவர் கலீல்தான் என்பது உரையாசிரியர்களின் துணிபு.

கன்னார் கடைத்தெரு

அரபுக் கவிதை கலீலுக்கு முன்பே பல தலைமுறைகளாக வாழ்ந்து வந்தது. புலவர்கள் சந்தம் பிசகாமல் பாடினர். கேட்போர் பிசகினால் கண்டுகொண்டனர். ஆனால் சந்தம் என்பது எதனால் ஆனது என்பதை எவரும் விளக்கியிருக்கவில்லை.

கலீல் ஒரு நாள் பஸ்ராவில் செம்புப் பாத்திரம் அடிக்கும் கன்னார்களின் கடைத்தெரு வழியே சென்றபோது, சுத்தியல்கள் மாறி மாறி விழும் ஓசையைக் கேட்டு நின்றார் என்றும், அந்த ஓசையின் இடைவெளிகளிலிருந்து யாப்பின் சூத்திரம் அவருக்குத் தோன்றியது என்றும் ஒரு கதை உண்டு. அழகான கதை. ஆயினும் இதைச் சற்று எச்சரிக்கையுடனேயே ஏற்க வேண்டியுள்ளது. கிரேக்க அறிஞர் பித்தாகரஸ் கொல்லர் பட்டறையின் ஓசையிலிருந்து இசையின் விகிதங்களைக் கண்டார் என்ற பழங்கதையின் சாயல் இதில் தெளிவாகத் தெரிகிறது. கலீலைப் பற்றி நமக்குக் கிடைக்கும் செய்திகளில் பல, அவர் மறைந்து இரு நூற்றாண்டுகளோ அதற்கும் மேலோ கழித்து எழுதப்பட்டவை. பத்தாம் நூற்றாண்டின் இப்னு அந்நதீம், பதின்மூன்றாம் நூற்றாண்டின் இப்னு கல்லிகான் போன்றோரே முக்கிய ஆதாரங்கள்.

இன்னொரு கதை கூடுதல் நம்பகத்தன்மை கொண்டதாகத் தோன்றுகிறது. கலீல் வீட்டில் தனியே அமர்ந்து பொருளற்ற அசைகளை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்ததைக் கண்ட அவரது மகன், வெளியே ஓடிச் சென்று தந்தைக்குச் சித்தம் கலங்கிவிட்டதாக ஊராரிடம் சொன்னாராம். வந்து பார்த்தவர்களுக்குக் கலீல் தம் செயலை விளக்கி, மகனின் அறியாமையைப் பொறுத்துக்கொண்டார் என்பது கதை. உண்மையோ புனைவோ, சொல்லிலிருந்து பொருளை முற்றாக நீக்கிவிட்டு ஓசையை மட்டும் கேட்க முயலும் ஒருவர் வெளியாருக்கு எப்படித் தோன்றுவார் என்பதை அது காட்டுகிறது.

அவர் செய்தது அதுவே. ஒரு செய்யுளை உயிரொலி ஏறிய எழுத்து, ஏறாத எழுத்து என்ற இரண்டே இரண்டாகக் குறைத்தார். நெட்டொலியையும் உயிர் ஏறிய ஓர் எழுத்தும் ஏறாத ஓர் எழுத்தும் சேர்ந்ததாகவே கணக்கிட்டார். இந்த இரண்டின் சிறு சேர்க்கைகளுக்குக் கயிறு என்றும் முளை என்றும் பெயரிட்டார். கயிறுகளும் முளைகளும் சேர்ந்தால் சீர். சீர்கள் சேர்ந்தால் செய்யுளடி. அந்த அடிக்கு வழங்கும் பைத் என்ற பெயர் கூடாரத்தையும் வீட்டையும் குறிக்கும். அடியின் ஒரு பாதி, இரட்டைக் கதவின் ஒரு கதவு எனப்பட்டது. நாடோடிகளின் கவிதைக்கு நகரத்தில் அமர்ந்து இலக்கணம் எழுதியவர், அவர்களின் கூடாரத்தையே கலைச்சொற்களின் கிடங்காகக் கொண்டார்.

தமிழ் யாப்பு அறிந்தோருக்கு இவை அந்நியமாகத் தோன்றா. தமிழில் யாப்பு என்றாலே கட்டுதல். தளை என்பதும் கட்டும் கயிறோ விலங்கோதான். சீர்களை நினைவில் வைக்கத் தமிழ்ப் புலவர்கள் தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என்ற வாய்பாடுகளை வைத்திருந்தனர். ஒவ்வொரு வாய்பாடும் தான் குறிக்கும் சீரின் ஓசையைத் தானே கொண்டிருப்பது அதன் சிறப்பு. கலீலின் ஃபஊலுன், மஃபாஈலுன், முஸ்தஃப்இலுன் ஆகியவையும் அத்தகையவை. தமிழர் மரங்களையும் காய்கனிகளையும் தேர்ந்தார்கள். அவரோ செய்தல் என்ற பொருள்படும் ஒரே வினையடியை வெவ்வேறு அச்சுகளில் வார்த்தார்.

இப்படி 15 சந்தங்களை அவர் வகுத்து, அவற்றை ஐந்து வட்டங்களில் அடுக்கினார். ஒரே வட்டத்தின் மீது வெவ்வேறு இடங்களிலிருந்து வாசிக்கத் தொடங்கினால் வெவ்வேறு சந்தங்கள் கிடைக்கும். நெடியது என்று பெயர் பெற்ற தவீல் சந்தத்தைச் சற்றுத் தள்ளித் தொடங்கினால் மதீத்; இன்னும் தள்ளினால் பஸீத். வட்டம் தரும் சந்தங்களில் சில, எந்தப் புலவரும் கையாளாதவை. அவற்றை அவர் மறைக்கவில்லை. சாத்தியமானவை ஆனால் வழக்கில் இல்லாதவை என்று தனியே வைத்தார். மக்கள் என்ன செய்கிறார்கள் என்று மட்டும் பார்க்காமல், என்னென்ன செய்ய இயலும் என்று முதலில் கணக்கிட்டு, அதில் எதை வழக்கம் தேர்ந்தது என்று பார்ப்பது அவரது முறை. அவருடைய மாணாக்கர் வரிசையில் வந்த அல் அக்ஃபஷ் பதினாறாவதாக ஒன்றைச் சேர்த்தார் என்பது மரபு. குதிரையின் பெருநடையை ஒத்த அந்தச் சந்தத்தைக் கலீல் விட்டுவிட்டதற்கான காரணம் இன்றும் விவாதத்துக்குரியது.

தொண்டையிலிருந்து உதடு வரை

கலீலின் இரண்டாவது பெரும் முயற்சி கிதாப் அல் ஐன் என்ற அகராதி. அரபு எழுத்துகளின் வழக்கமான வரிசை அலிஃபில் தொடங்குகிறது. கலீல் அதை ஏற்கவில்லை. எழுத்துகளை அவை வாயில் பிறக்கும் இடத்தின் வரிசையில், தொண்டையின் ஆழத்திலிருந்து தொடங்கி உதட்டில் முடியும்படி அடுக்கினார். அந்த வரிசையின் தலையில் நின்றது ஐன் என்ற எழுத்து. அதைவிட ஆழத்தில் பிறக்கும் ஹம்ஸா நிலையற்றது, இடத்துக்கு இடம் மாறுவது என்றும், மூச்சொலியான ஹா வலுவற்றது என்றும் கருதி அவற்றை விலக்கியதாகக் கூறப்படுகிறது. நூலுக்கும் அந்த எழுத்தின் பெயரே நிலைத்தது.

தொல்காப்பியத்தின் பிறப்பியல், காற்று உந்தியிலிருந்து எழுந்து மிடறு, நா, அண்ணம், பல், இதழ் முதலிய இடங்களில் எழுத்தாகப் பிறப்பதை விவரிக்கிறது. வடமொழி எழுத்து வரிசையும் தொண்டையிலிருந்து உதட்டை நோக்கியே செல்கிறது. ஆகவே பஸ்ராவில் வாழ்ந்த கலீல் இந்திய ஒலியியலை அறிந்திருந்தாரா என்ற வினா இயல்பாகவே எழுகிறது. பதினோராம் நூற்றாண்டில் இந்தியாவைப் பற்றிப் பெருநூல் எழுதிய அல் பிரூனி, இந்தியரின் செய்யுள் அளவுகளைப் பற்றிக் கலீல் கேள்விப்பட்டிருக்கக்கூடும் என்று சிலர் எண்ணுவதைப் பதிவுசெய்கிறார். உறுதியான சான்று எதுவும் இல்லை. துறைமுக நகரில் காதில் விழுந்த ஒரு செய்தி போதுமானதாக இருந்திருக்கலாம். அதுவும் இல்லாமலே அவர் தம் சொந்த வாயைச் சோதித்துக் கண்டிருக்கலாம். ஓர் எழுத்தின் இடத்தை அறிய அதன் முன் ஓர் உயிரொலியைச் சேர்த்து உச்சரித்துப் பார்ப்பது அவரது வழக்கம் என்று அந்நூலின் முன்னுரையிலிருந்து தெரிகிறது.

அகராதியிலும் அவரது கணக்கு தொடர்ந்தது. 28 எழுத்துகளைக் கொண்டு, எழுத்து மீளாமல், இரண்டு முதல் ஐந்து எழுத்துகள் வரையுள்ள வேர்கள் எத்தனை அமையலாம்? ஈரெழுத்து வேர்கள் 756, மூவெழுத்து 19,656, நான்கெழுத்து 4,91,400, ஐயெழுத்து 1,17,93,600. ஆக மொத்தம் 1,23,05,412 என்ற எண்ணிக்கை அவர் பெயரில் வழங்குகிறது. கணிதத்தில் பிழை இல்லை. இந்தக் கோடிக்கணக்கான சாத்தியங்களில் மிகச் சிறு பகுதியே மொழியில் உயிர்பெற்றிருக்கிறது.

ஒரே எழுத்துகளின் இடமாற்றங்களை அவர் ஒரே இடத்தில் தொகுத்தார். தமிழ் முஸ்லிம்கள் நன்கறிந்த இல்ம், அமல் ஆகிய இரு சொற்களும், அதாவது அறிவும் செயலும், அவரது அகராதியில் ஒரே தலைப்பின் கீழ் வருகின்றன. மின்னலின் பளிச்சிடலைக் குறிக்கும் சொல்லும் அங்கேயே இருக்கிறது. மூன்றும் ஐன், லாம், மீம் என்ற அதே மூன்று எழுத்துகளின் வெவ்வேறு அடுக்குகள். அகராதி ஒன்றில் சொல் தேட இது மிகவும் கடினமான முறை என்பதில் ஐயமில்லை. பின்வந்தோர் இதைக் கைவிட்டதற்கு அதுவே காரணம்.

ஒலியைக் கொண்டே ஒரு சொல்லின் ஊரைக் கண்டறியும் விதியும் இதில் அடங்கும். லாம், நூன், ரா, ஃபா, பா, மீம் ஆகிய ஆறும் நாவின் நுனியிலும் உதட்டிலும் எளிதில் வழுக்கிவரும் எழுத்துகள். நான்கோ ஐந்தோ எழுத்துகள் கொண்ட வேரில் இவற்றில் ஒன்றுகூட இல்லையெனில் அது அரபுச் சொல் அல்ல என்றார் அவர். தங்கத்தைக் குறிக்கும் அஸ்ஜத் போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. தமிழிலும் ரகரமும் லகரமும் சொல்லுக்கு முதலில் வாரா என்ற விதியால் இராமனும் உலோகமும் முன்னொட்டுப் பெற்று நுழைந்ததை இங்கே நினைவுகூரலாம். இரு மொழிகளிலும் வாயிற்காவலர் ஒலிதான்.

அகராதி முழுவதும் கலீலின் கைவண்ணமா என்பது பழைய சர்ச்சை. திட்டம் அவருடையது, நிறைவேற்றியவர் குராசானைச் சேர்ந்த மாணவர் அல் லைத் என்பது பரவலான கருத்து. பத்தாம் நூற்றாண்டு அகராதியாளர் அல் அஸ்ஹரி, நூல் முழுவதையும் லைத்தின் கணக்கிலேயே எழுதிவிட்டார்.

குர்ஆன் ஓதக் கற்கும் தமிழ்ச் சிறுவர்கள் ஸபர், ஸேர், பேஷ் என்று சொல்லிப் பழகும் உயிர்க்குறிகளின் இன்றைய வடிவமும் கலீலுடையதாகவே கருதப்படுகிறது. அவருக்கு முன் பஸ்ராவின் அபுல் அஸ்வத் அத்துஅலீ வகுத்த முறையில் உயிரொலிகள் வேறு நிற மையிட்ட புள்ளிகளால் குறிக்கப்பட்டன. எழுத்துகளுக்கே புள்ளிகள் உண்டாகையால் குழப்பம் நேர்ந்தது. கலீல் அலிஃப், வாவ், யா ஆகிய எழுத்துகளையே சிறிதாக்கி மேலும் கீழும் இட்டார். ஒரே மை, ஒரே பேனா. ஒலியை எழுத்தில் பிடிக்கும் இவ்வழியைப் பின்னாளில் காயல்பட்டினம், கீழக்கரை, பேருவளை ஆகிய ஊர்களின் அறிஞர்கள் இன்னும் நீட்டினர். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக எழுத்துகளில் புள்ளிகளைக் கூட்டி அரபுத் தமிழை எழுதினர்.

வெட்டுக்கிளியும் வல்லூறும்

சொல்லின் ஒலிக்கும் பொருளுக்கும் இயல்பான உறவு உண்டா, அல்லது எல்லாம் வெறும் வழக்கம்தானா? கிரேக்கர்கள் முதல் இன்றைய மொழியியலாளர்கள் வரை விவாதித்து வரும் வினா இது. கலீல் இதற்கு ஒரு சிறு எடுத்துக்காட்டை விட்டுச் சென்றிருக்கிறார். பத்தாம் நூற்றாண்டு அறிஞர் இப்னு ஜின்னி அதைப் பாதுகாத்துத் தந்துள்ளார். வெட்டுக்கிளியின் ஒலி நீண்டு செல்வது. ஆகவே அதற்கு ஸர்ர என்று ஒற்றை நீட்டி ஒரு வினை அமைந்தது. வல்லூறின் ஒலி விட்டு விட்டு வருவது. ஆகவே அதற்கு ஸர்ஸர என்று அசை இரட்டித்த வினை அமைந்தது.

சிறு அவதானிப்புதான். ஆனால் இதில் ஒரு நுட்பம் உண்டு. இரு சொற்களிலும் எழுத்துகள் அவையே. பொருள் வேறுபாட்டைச் சுமப்பது எழுத்து அன்று. அது நீள்கிறதா, அறுந்து மீள்கிறதா என்பதே. அதாவது, சந்தம். ஒற்றைச் சொல்லுக்குள்ளேயே ஒரு யாப்பு இருப்பதைக் கலீலின் செவி பிடித்திருக்கிறது. ஆத் சமூகத்தை அழித்த கடுங்காற்றைக் குர்ஆன் குறிப்பிடும் சொல்லும் இந்த இரட்டித்த அச்சில் அமைந்ததே. தமிழின் இரட்டைக்கிளவிகளும் இதே வேலையைச் செய்கின்றன. சருகு சரசரக்கிறது, ஓடை சலசலக்கிறது. இவற்றைப் பிரித்தால் பொருள் இல்லை என்கிறது இலக்கணம்.

இப்னு ஜின்னி இதைத் தொடர்ந்து விரித்தெழுதினார். ஈரமான, மெதுவான உணவை உண்பதற்கு ஒரு வினையும், உலர்ந்த, கடினமான உணவைக் கடிப்பதற்கு மற்றொரு வினையும் உள்ளன. முதலெழுத்து மட்டுமே வேறு. மெல்லியதற்கு மெல்லிய ஒலி, வல்லியதற்கு வல்லொலி என்பது அவரது வாதம். எதிர் எடுத்துக்காட்டுகளும் ஏராளமாக உண்டு என்பதை நினைவில் கொண்டே இதைப் படிக்க வேண்டும்.

இந்தச் சந்தத்துக்கு இந்த உணர்ச்சி என்று கலீல் விதிக்கவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. தமிழ் மரபு வெண்பாவுக்குச் செப்பல், ஆசிரியத்துக்கு அகவல், கலிக்குத் துள்ளல், வஞ்சிக்குத் தூங்கல் என ஓசையைக் கொண்டே பாவை அடையாளம் கண்டது; தொல்காப்பியம் இருபது வண்ணங்களையும் பட்டியலிட்டது. அரபியில் அத்தகைய முயற்சி வெகுகாலம் கழித்து, பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஹாஸிம் அல் கர்தாஜன்னி என்பவரின் கையில்தான் முழு வடிவம் பெறுகிறது. கலீல் எண்ணியதோடு நிறுத்திக்கொண்டார். அவர் இட்ட பெயர்களில் மட்டும் ஒரு சாடை தெரிகிறது: நெடியது, விரிந்தது, நிறைந்தது, விரைவானது, இலேசானது. ரஜஸ் என்ற சந்தத்தின் பெயர், எழ முயலும் ஒட்டகத்தின் கால் நடுக்கத்திலிருந்து வந்தது என்பர்.

ஓசை உழைப்போடு பிணைந்ததை வளைகுடாக் கரை வேறொரு வகையில் அறிந்திருந்தது. ஃபஹாஹீல் எண்ணெய்க்கு முன்பு மீன்பிடிப்பையும் முத்துக் குளிப்பையும் நம்பிய சிற்றூர். முத்துக் கப்பல்களில் நஹ்ஹாம் எனப்பட்ட பாடகர் ஒருவர் இருந்தார். கயிறு இழுக்கையில், பாய் ஏற்றுகையில் அவர் குரல் எடுக்க, மாலுமிகள் அடித்தொண்டையில் முரல்வர். தமிழ்க் கரையின் ஏலேலோவுக்கு அகராதியில் பொருள் தேடி எவரும் கப்பல் இழுக்கவில்லை, இங்கும் அப்படியே. 1930களில் ஜப்பானிய வளர்ப்பு முத்துகள் சந்தையைப் பிடித்தபோது அந்தத் தொழிலும், அதைத் தொடர்ந்து அந்தக் குரலும் ஒடுங்கின.

காய்ந்த ரொட்டி

கலீல் பஸ்ராவில் நாணலால் வேய்ந்த குடிசை ஒன்றில் வாழ்ந்தார் என்றும், அவரது மாணவர்கள் அவரது கல்வியைக் கொண்டே செல்வம் ஈட்டுகையில் அவரிடம் இரண்டு காசுகளும் இருந்ததில்லை என்றும் அவர் மாணவர் அந்நள்ர் இப்னு ஷுமைல் கூறியதாகக் குறிப்பு உண்டு. அஹ்வாஸ் பகுதியின் ஆளுநராக இருந்த சுலைமான் இப்னு ஹபீப் அவருக்கு ஓர் உதவித்தொகை வழங்கி வந்தார். தம் மகனுக்குக் கல்வி புகட்ட வருமாறு அவர் ஆளனுப்பியபோது, கலீல் வந்தவரின் முன் காய்ந்த ரொட்டித் துண்டு ஒன்றை எடுத்து வைத்தார். இது கிடைக்கும் வரை ஆளுநரின் தேவை தமக்கு இல்லை என்று சொல்லி அனுப்பினார். உதவித்தொகை நிறுத்தப்பட்டது. கலீல் ஒரு சிறு கவிதையால் பதில் சொன்னார். வெட்கிய ஆளுநர் தொகையை இரட்டிப்பாக்கினார் என்று முடிகிறது கதை.

இக்கதையின் எடையை உணர, கலீல் ஓரிரவு முழுவதும் உரையாடியதாகக் கூறப்படும் இன்னொருவரின் முடிவை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். அவர் இப்னு அல் முகஃப்பா. பஞ்சதந்திரக் கதைகளைப் பாரசீகம் வழியாக அரபிக்குக் கொண்டுவந்தவர். அந்தச் சந்திப்புக்குப் பின் ஒருவரைப் பற்றி மற்றவரிடம் கேட்டபோது, இப்னு அல் முகஃப்பா கலீலின் மதிநுட்பம் அவரது கல்வியை மிஞ்சியது என்றார். கலீலோ இப்னு அல் முகஃப்பாவின் கல்வி அவரது மதிநுட்பத்தை மிஞ்சியது என்றார். உமையாக்கள் 750இல் வீழ்ந்து அப்பாஸியர் எழுந்த காலம் அது. இப்னு அல் முகஃப்பா ஆட்சியாளர்களுக்கு எழுத்தராகப் பணிபுரிந்தார். கலீஃபாவுக்குச் சினமூட்டும்படி ஓர் உறுதிமொழிப் பத்திரத்தை வரைந்தார் என்பது அவர் மீதான குற்றச்சாட்டு. அவர் பஸ்ராவில் கொடூரமாகக் கொல்லப்பட்டார். அதே நகரில், அதே ஆண்டுகளில், குடிசையில் இருந்தவர் அசைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

கலீலின் மரணமும் அவரது கணக்கோடு தொடர்புடையதாகவே சொல்லப்படுகிறது. வீட்டுப் பணிப்பெண் கடைக்குச் செல்கையில் வணிகர் அவளை ஏமாற்றிவிடாத வண்ணம் எளிய கணக்கு முறை ஒன்றை உருவாக்க அவர் எண்ணினாராம். வளைகுடாத் தமிழர் பக்காலா என்று அழைக்கும் மளிகைக் கடைக்கு இன்று போவோருக்கும் பயன்படக்கூடிய திட்டம். அச்சிந்தனையிலேயே பள்ளிவாசலுக்குள் நுழைந்தவர் தூண் ஒன்றில் மோதி வீழ்ந்தார்; அதன் விளைவாக இறந்தார். அவர் அப்போது ஒரு செய்யுளை அலகிட்டுக்கொண்டிருந்தார் என்போரும் உளர். ஆண்டு 786 என்றும் 791 என்றும் இருவேறு கணக்குகள் உள்ளன.

வட்டத்தை உடைத்தவர்கள்

கலீலின் சந்தங்கள் ஏறத்தாழ 1,200 ஆண்டுகள் அரபுக் கவிதையை ஆண்டன. அவற்றின் பிடியை உடைத்ததும் இராக்கியர்களே. 1947ஆம் ஆண்டில் எகிப்தில் காலரா பரவி மக்கள் கொத்துக்கொத்தாக மடிந்தபோது, பக்தாத்தில் இருந்த இளம்பெண் கவிஞர் நாஸிக் அல் மலாயிகா ஒரு கவிதை எழுதினார். பிணங்களை ஏற்றிய வண்டிகளை இழுத்துச் செல்லும் குதிரைகளின் குளம்பொலியைச் சந்தத்தில் கொண்டுவர முயன்றதாக அவரே பின்னர் விளக்கினார். அடிகள் சமமாக இருக்க வேண்டும் என்ற விதியை அவர் கைவிட்டார். சீரை மட்டும் வைத்துக்கொண்டார். அவர் தேர்ந்தது, கலீல் விட்டுவிட்ட, அல் அக்ஃபஷ் சேர்த்த அந்தப் பதினாறாவது சந்தம். பின்னாளில் அவர் குவைத் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். 2007இல் கெய்ரோவில் காலமானார்.

அவரோடு சேர்த்துப் பேசப்படும் பத்ர் ஷாகிர் அஸ்ஸய்யாப், பஸ்ராவுக்குத் தெற்கே ஜைக்கூர் என்ற சிற்றூரில் 1926இல் பிறந்தவர். கலீலின் ஊர்க்காரர் என்றே சொல்லலாம். இடதுசாரி அரசியலால் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்த அவர், ஈரான் வழியாகக் குவைத் வந்தடைந்து, 1953இல் வளைகுடாக் கரையில் அந்நியன் என்று பொருள்படும் தலைப்பில் ஒரு கவிதை எழுதினார். கையில் காசின்றி, ஊருக்குத் திரும்பக் கப்பற்கூலிக்கு வழியின்றிக் கடலைப் பார்த்து நிற்பவனின் கவிதை அது. அடிகள் நீண்டும் குறுகியும் வருகின்றன. ஆனால் சீர்கள் கலீல் நிறைந்தது என்று பெயரிட்ட காமில் சந்தத்தின் சீர்களே. அதே குவைத்தின் மருத்துவமனை ஒன்றில் 1964 டிசம்பர் 24ஆம் தேதி அஸ்ஸய்யாப் இறந்தார். உடல் பஸ்ராவுக்கு அருகே ஸுபைரில் அடக்கம் செய்யப்பட்டது.

அந்தக் கவிதையில் காற்றும் அலையும் திரும்பத் திரும்ப ஒரே ஒரு பெயரைக் கூவுகின்றன; அவனது நாட்டின் பெயர். அரபியில் அது தொண்டையின் ஆழத்தில், ஐன் என்ற எழுத்தில் தொடங்கி, உள்நாக்கை ஒட்டிப் பிறக்கும் எழுத்தில் முடிகிறது. உரக்க வாசிப்பவரின் மிடறு ஒவ்வொரு முறையும் இறுகித் திறக்கிறது. தமிழில் இராக் என்று எழுதும்போது அந்த இரண்டு ஒலிகளும் இல்லை.